வாங்குகிறவர் கையெழுத்து

என் ஓரகத்தியைப் பற்றி யாராவது "தங்கமானவங்க" என்று ஆரம்பித்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தங்கமும் இல்லை, தகரமும் இல்லை. பிடிவாதம் பிடித்த பொம்பளை. அவளோடு ஒரே கூரையின் கீழ் காலம் தள்ளியவள் நான், எனக்குத் தெரியாதா?

என் கணவருடைய அண்ணன் மனைவி அவள். நான் அக்கா என்று கூப்பிடுவேன். ஊர் அவளைக் கையெழுத்தம்மா என்று கூப்பிட்டது. லாரி பார்சல் ஆபீசில் டெலிவரி கவுன்ட்டர் அவளுடையது. கம்பி வலைக்கு இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் ஊர். நடுவில் ஒரு மரப்பலகை, சணல் கயிற்றில் கட்டிய பேனா. பெட்டியோ மூட்டையோ சாக்கில் சுற்றிய சைக்கிளோ, எது வந்தாலும் வாங்குகிறவர் நேரில் வந்து கையெழுத்துப் போடாமல் வெளியே போகாது. சொந்தக்காரன், பக்கத்துக் கடைக்காரன், டிரைவர் எவன் வந்து நின்றாலும் நடக்காது.

ஒரு தரம் முதலாளியின் மாப்பிள்ளையே வந்து பெட்டியைத் தூக்கப் போனார். அக்கா பேனாவை நீட்டினாள்.

"நான் யாருன்னு தெரியுமா?"

"தெரியும். அதனாலதான் பேனாவ நீட்டறேன். தெரியாத ஆளா இருந்தா பெட்டியையே கண்ணுல காட்டியிருக்க மாட்டேன்."

மேனேஜர் வேர்த்து விறுவிறுத்து ஓடி வந்தார். கெஞ்சினார், கொஞ்சினார். பெட்டி அன்றைக்கு அங்கேயே கிடந்தது. மறுநாள் மாப்பிள்ளை வந்து, முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்க, கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் எடுத்துப் போனார். எங்கள் ஊர்க் கோர்ட்டில் பேர் வாங்கிய வக்கீலம்மா ஒருத்தி, தனக்கு வரும் புத்தகக் கட்டுகளுக்குக்கூட குமாஸ்தாவை அனுப்பிப் பார்த்துத் தோற்றாள். "சட்டம் படிச்ச எனக்கே சட்டமா?" என்று சிரித்துக்கொண்டே அவளே வந்து போட ஆரம்பித்தாள். அப்படித்தான் இரண்டு பேரும் சிநேகிதமானார்கள்.

வீட்டிலும் அதே கூத்துதான். எனக்குத் தட்டில் சோறு போட்டு நீட்டும்போது, "கையெழுத்து போட்டுட்டு சாப்பிடு" என்பாள். நான் சோற்றிலேயே விரலால் ஒரு கிறுக்குக் கிறுக்குவேன். "கத்திரிக்கோலுக்குத் திமிரைப் பாரு" என்று சிரிப்பாள். கத்திரிக்கோல் என்பது எனக்கு அவள் வைத்த பேர். தையல் வேலைக்காக வைத்ததா, வாய்க்காக வைத்ததா என்று கேட்டதற்கு, ரெண்டுக்கும்தான் என்றாள்.

எங்கள் வீட்டுக்காரர்கள் அண்ணன் தம்பி. ஒரே பைக்கில் கிளம்பிய இரண்டு பேரும் அன்றைக்கே இல்லாமல் போனார்கள். எனக்கும் பிள்ளை இல்லை, அவளுக்கும் இல்லை. அழுது ஓய்ந்து, வந்த கூட்டம் கலைந்ததும், அக்காவின் சொந்தத் தம்பி வேனோடு வந்து நின்றான். டைல்ஸ் கடை வைத்திருப்பவன். எந்த வீட்டுக்குப் போனாலும் செருப்புக் குதிகாலால் தரையைத் தட்டிப் பார்ப்பது அவன் வழக்கம்.

"பெட்டிய எடுத்துக்கிட்டு கிளம்புக்கா."

"இவ?" என்று அக்கா என்னைக் காட்டினாள்.

"அவங்க வீட்டு ஆளுங்க யாராவது வருவாங்க."

எனக்கு வீடும் இல்லை, ஆளும் இல்லை. அது அவனுக்கும் தெரியும். நான் சுவரோடு சுவராக நின்றிருந்தேன். என் வாழ்க்கையில் நான் வாய் திறக்காத ஒரே நாள் அதுவாகத்தான் இருக்கும்.

"ரெண்டு பாய் விரிக்க உன் வீட்டுல இடம் இருக்கா?" என்று அக்கா கேட்டாள். அவன் தலையைச் சொறிந்தான். "அப்ப வேன்காரரை அனுப்பிடு. அவருக்கு வேற சவாரி கிடைக்கும்."

அதற்கப்புறம் ஓவர்டைம் பார்த்து, ஆபீசில் கடன் போட்டு, அவள் பேரிலேயே ஒரு வீடு வாங்கினாள். இரண்டு அறை, ஒரு சமையல்கட்டு, தெருவைப் பார்த்த சின்ன முன்கட்டு. முன்கட்டு ஜன்னலோரம் என் தையல் மெஷின். சோபாக் கடைகளுக்கு மெத்தை உறை தைத்துக் கொடுப்பேன். எனக்குப் படுக்கையும் அங்கேதான், பிழைப்பும் அங்கேதான்.

நாங்கள் ஒற்றுமையாக இருந்தோம் என்று மட்டும் யாரும் எழுதிவிட வேண்டாம். ஆபீஸ் விட்டு வந்ததும் அக்கா மின்விசிறியை அஞ்சில் வைப்பாள். நான் வெட்டி வைத்த துணியெல்லாம் வீடு முழுக்கப் பறக்கும். நான் எழுந்து ஒன்றுக்குத் திருப்புவேன். அவள் மறுபடி அஞ்சுக்குத் திருப்புவாள். "நான் வேர்த்து சாகணுமா?" "நான் துணிய பொறுக்கியே சாகணுமா?" இப்படியே போகும். தெருவில் போகிறவர்கள் கொலை விழப் போகிறது என்று நின்று பார்த்துவிட்டுப் போவார்கள். கொஞ்ச நேரத்தில் இரண்டு பேரும் சேர்ந்து டீ குடித்துக்கொண்டிருப்போம்.

அக்காவுக்கு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்க ஆரம்பித்தது. பிறகு படியே இல்லாமல் வாங்கியது. இருதயத்தில் வால்வு கெட்டுவிட்டது, திறந்துதான் மாற்ற வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். எப்படித்தான் மோப்பம் பிடித்தானோ, டைல்ஸ்காரன் ஒரு பை ஆப்பிளோடு வந்து இறங்கினான். பின்னாலேயே அவன் மனைவி. அவளுக்கு நான் வைத்திருந்த பேர் வாயில்லாப்பூச்சி. "டீ குடிக்கிறியாம்மா?" என்று நான் அவளைக் கேட்டால், "அவ குடிக்க மாட்டா" என்று அவன் பதில் சொல்வான். அவளும் வாசல் பக்கத்தில் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, தன் கால் விரலைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

அன்றைக்கு ஆப்பிள் பைக்குள் இன்னொன்றும் இருந்தது. டைப் அடித்த உயில். வீடு தம்பிக்கு. கையெழுத்துப் போடும் இடத்தில் பென்சிலால் பெருக்கல் குறிகூடப் போட்டு வைத்திருந்தான்.

"சும்மா ஒரு முன்ஜாக்கிரதைதான்கா. உனக்கு ஒண்ணும் ஆகாது."

"ஒண்ணும் ஆகாதுன்னா இது எதுக்கு?"

"ஆச்சுன்னா எப்படியும் எனக்குத்தானே வரப் போகுது? கூடப்பொறந்தவன் நான் ஒருத்தன்தானே? பேப்பர் இருந்தா அலைச்சல் மிச்சம்."

சொல்லிக்கொண்டே எழுந்து முன்கட்டுக்கு வந்தான். என் மெஷின் பக்கத்தில் தரையைக் குதிகாலால் தட்டினான். "உள்ள காலியா இருக்கு. இதெல்லாம் பேத்துடணும். இந்த சுவரையும் எடுத்துட்டா ஒரு ஷோரூமே வைக்கலாம்" என்றான். நான் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருக்கிறேன்! மனுஷி ஒருத்தி அங்கே இருப்பதே அவன் கண்ணில் படவில்லை. எனக்குக் கோபம் ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். இந்த வயதில் மெஷினைத் தூக்கிக்கொண்டு எந்தத் தெருவில் போய் நிற்பேன்?

"கத்திரிக்கோல் எங்க போவா?" என்று அக்கா உள்ளேயிருந்து கேட்டாள்.

"ஏதாவது ஹாஸ்டல்ல சேத்துடலாம்கா. அவங்க நமக்கு என்ன ரத்த சம்பந்தமா?"

அக்கா அந்தப் பேப்பரை இரண்டாக மடித்தாள், நாலாக மடித்தாள், ஆப்பிள் பையிலேயே போட்டாள். பையை அவன் கையில் கொடுத்தாள். "பல்லு கூசுது, ஆப்பிள் வேணாம்" என்றாள். அவன் விறுவிறுவென்று இறங்கிப் போனான். வாயில்லாப்பூச்சி மட்டும் வாசலில் ஒரு நிமிஷம் நின்று அக்காவைத் திரும்பிப் பார்த்தாள். ஏதோ கேட்க நினைத்த மாதிரி இருந்தது. "வர்றியா இல்லியா?" என்று தெருவிலிருந்து சத்தம் வந்ததும் போய்விட்டாள்.

அன்றைக்கே அக்கா சமையல்கட்டு மேஜையைத் துடைத்து, வெள்ளைத்தாள் ஒன்றை விரித்துத் தன் உயிலைத் தானே எழுதினாள். பார்சல் சீட்டு எழுதுகிற அதே சுத்தம். அனுப்புகிறவர் அவள். பெறுகிறவர் நான். பொருள்: வீடு, கதவு எண், நாலு பக்க எல்லை, உள்ளே இருக்கும் சாமான் எல்லாம். ஒரே ஒரு விதிவிலக்கு: அவர்கள் அப்பாவின் கைக்கடிகாரம் தம்பிக்கு. "அது அப்பாவோடது, அவனுக்குப் போகட்டும்" என்றாள். சாட்சிக்கு ஆபீஸ் லோடுமேனை வரவழைத்திருந்தாள். உயிலுக்கு இரண்டு பேர் கையெழுத்து வேண்டும் என்பது வரை அவளுக்குத் தெரியும். லோடுமேன் போட்டு முடித்ததும் தாளை என் பக்கம் தள்ளினாள்.

"எனக்கு எதுக்குக்கா வீடு? உங்களுக்கு முன்னாடி நான் போயிடுவேன்" என்றேன்.

"போறப்ப சொல்லிட்டு போ. இப்ப கையெழுத்த போடு."

"நான் எதுக்கு?"

"வாங்குறவ கையெழுத்து இல்லாம எதுடி வெளிய போயிருக்கு? முப்பது வருஷ சர்வீஸ்ல ஒரு புகார் உண்டா?"

போட்டேன். அவளும் திருப்தியாக மடித்து வைத்தாள். ஊரில் வேறு எவர் வீட்டிலும் இந்தத் தப்பு நடந்திருக்காது. யாருக்கு எழுதுகிறோமோ அவர்களை ஒளித்து வைத்துத்தான் உயில் எழுதுவார்கள். என் அக்கா ஒருத்திதான் கூப்பிட்டு உட்கார வைத்துக் கையெழுத்து வாங்கியவள். அவளுக்கு அதுதான் நியாயம்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் மத்தியானம், ஆஸ்பத்திரியில் பார்வையாளர் நேரம். டைல்ஸ்காரன் மறுபடி வந்தான், மனைவியோடு. இந்தத் தடவை ஆப்பிள்கூட இல்லை, நேராகப் பேப்பரை எடுத்தான். அக்கா தலையணைக்கு அடியிலிருந்து தன் பேப்பரை எடுத்தாள்.

"எழுதியாச்சு, தம்பி. நீயே படி. மனசு ஆறும்."

ஏன்தான் காட்டினாளோ! எனக்கு அப்போதே திக்கென்றது. ஆனால் ஒளித்து வைப்பது அவள் ஜாதகத்திலேயே இல்லை. அவன் படித்தான். முகம் சிவந்தது. அடுத்த பக்கம் திருப்பினான். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தான். வார்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி சிரித்தான்.

"வீடும் இவங்களுக்கு, சாட்சிக் கையெழுத்தும் இவங்களா? அக்கா, சொத்து வாங்குறவங்க சாட்சி போட்டா அவங்களுக்கு எழுதினது செல்லவே செல்லாது! என் கடை பார்ட்னர் வீட்டுல இதே கதைதான் நடந்துது. நீயே எனக்கு எழுதிக் குடுத்த மாதிரிதான். ரொம்ப தேங்க்ஸ்."

வாயை மூடிக்கொண்டு நாலு நாள் இருந்திருந்தால் அவனுக்கு வீடே கிடைத்திருக்கலாம். இருக்க முடியவில்லை. அக்காவின் மூக்கை உடைக்க வேண்டும் என்கிற ஆசை, வீட்டு ஆசையையும் மிஞ்சிவிட்டது. தன் வாயாலேயே கெட்டான் மனுஷன்.

ஆனால் அந்த நிமிஷம் எனக்கு அதெல்லாம் தோன்றவில்லை. நான் அக்காவைத்தான் பார்த்தேன். புருஷன் போனபோதுகூட அந்த முகத்தில் பயத்தைப் பார்த்ததில்லை. அன்றைக்குப் பார்த்தேன். "போன் பண்ணு" என்றாள் என்னிடம். "வக்கீலம்மாவுக்கு."

கோர்ட் பக்கத்துத் தெருதான். வக்கீலம்மா கறுப்புக் கோட்டைக்கூடக் கழற்றாமல் வந்தாள். பேப்பரை வாங்கிப் படித்ததும் நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"உங்க தம்பி சொல்றது சரிதாங்க. சாட்சின்னா நீங்க கையெழுத்து போடறத கண்ணால பாக்கறவங்க. உள்ள என்ன எழுதியிருக்குன்னு அவங்களுக்குத் தெரியணும்னுகூட இல்ல. ஆனா அவங்களுக்கோ, அவங்க வீட்டுக்காரர் வீட்டுக்காரிக்கோ அதுல எதுவும் வரக் கூடாது. வந்தா, அந்தப் பங்கு போச்சு. இது டெலிவரி கவுன்ட்டர் இல்லீங்க, கையெழுத்தம்மா!"

"இப்ப புதுசா எழுதலாமா?"

"தாராளமா எழுதலாம். மூச்சு இருக்கற வரைக்கும் எத்தன தரம் வேணா மாத்தலாம், கடைசியா எழுதினதுதான் நிக்கும். பழச ரத்து பண்றேன்னு முதல்ல எழுதுங்க, தேதி போடுங்க. முன்ன நின்னு நிறைவேத்த ஒரு ஆளு வேணும், என் பேரையே போட்டுக்குங்க. ஒரு சாட்சியும் நானே போடறேன். இன்னொருத்தர் வேணும்."

டைல்ஸ்காரன் விடவில்லை. "எங்க அக்காவுக்கு என்னென்னவோ மருந்து குடுத்திருக்காங்க. புத்தி தெளிவா இல்ல. இப்ப எழுதறது செல்லாது!" என்று கத்தினான். சத்தம் கேட்டு டியூட்டி டாக்டர் வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு அக்காவிடம் குனிந்தார்.

"அம்மா, இன்னைக்கு என்ன கிழமை?"

"வியாழன். நாளைக்கு எனக்கு ஆபரேஷன். மறந்துட்டு பக்கத்து பெட் அம்மாவ கூட்டிட்டு போயிடாதீங்க."

"உங்களுக்கு என்ன சொத்து இருக்கு?"

"ஒரு வீடு, ஒரு கடிகாரம், இந்தத் தம்பி. தம்பிய யாருக்கும் எழுதி வைக்க முடியாது, எவனும் வாங்க மாட்டான்."

டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, நோயாளி தெளிவாக இருக்கிறார் என்று சார்ட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். உயிலில் சாட்சி போட மட்டும் மறுத்துவிட்டார். ஆஸ்பத்திரி ஆட்கள் யாரும் போடக் கூடாது என்பது அங்கே சட்டமாம். லோடுமேன் லாரியோடு வெளியூர் போயிருந்தான். பக்கத்து பெட் அம்மா மயக்கத்தில் இருந்தாள். துணைக்கு வந்தவர்கள் எல்லாம், கோர்ட்டு வழக்கு என்று வந்துவிடுமோ என்று நழுவினார்கள். பார்வையாளர் நேரம் முடியப் போகிறது என்று வார்டு ஆயா வந்து சொல்லிவிட்டுப் போனாள். விடிந்தால் அக்காவை உள்ளே கொண்டுபோய்விடுவார்கள்.

"பரவால்லக்கா, ஆபரேஷன் முடிஞ்சு நிதானமா பாத்துக்கலாம்" என்று டைல்ஸ்காரன் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தான். அவன் குதிகால் தரையைத் தட்டிக்கொண்டிருந்தது. எனக்கு அவன் காலை ஒடிக்கலாமா என்று வந்தது.

"நான் போடுறேன் அண்ணி."

யார் பேசியது என்றே முதலில் தெரியவில்லை. அந்தக் குரலை நாங்கள் கேட்டிருந்தால்தானே! வாயில்லாப்பூச்சி, கட்டில் கால்மாட்டில் நின்றிருந்தாள்.

"ஏய், வாய மூடிக்கிட்டு இருக்க மாட்டே?" என்று டைல்ஸ்காரன் துள்ளி எழுந்தான்.

"இவ்வளவு நாள் மூடிக்கிட்டுதானே இருந்தேன்" என்றாள் அவள். நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. "எனக்கு எழுதப் படிக்கத் தெரியும்ங்க. நான் போடலாமா?"

வக்கீலம்மா அவளை மேலும் கீழும் பார்த்தாள். "உங்களுக்கு உயில்ல ஒண்ணும் இல்ல. உங்க வீட்டுக்காரருக்கு ஏதாவது இருக்கா? இருந்தா வேணாம்."

எனக்குச் சட்டென்று ஞாபகம் வந்தது. கடிகாரம்.

அக்காவும் அதையேதான் நினைத்தாள். தம்பியைப் பார்த்தாள். அவர்கள் அப்பா நினைவு வந்ததோ என்னவோ, கண் கலங்கியது. பிறகு வக்கீலம்மாவிடம் திரும்பினாள். "புதுசுல கடிகாரம் கிடையாது. அவனுக்கு ஒரு சல்லிக்காசு கிடையாது. இப்ப என் தம்பி பொண்டாட்டி போடலாமில்ல?"

"தாராளமா போடலாம்."

"வீட்டுக்கு வந்துடுவ இல்ல?" என்றான் டைல்ஸ்காரன் தன் மனைவியிடம், பல்லைக் கடித்துக்கொண்டு. அவள் அக்காவின் போர்வையைச் சரி செய்தாள்.

என்னையும் வக்கீலம்மா வெளியே போகச் சொல்லிவிட்டாள். "நீங்க பக்கத்துல நின்னு எழுத வெச்சீங்கன்னு நாளைக்கு யாரும் சொல்லக் கூடாது." நியாயம்தான். இருந்தாலும் எனக்குக் கோபம் வந்தது, என்னைத் துரத்திவிட்டு என் தலையெழுத்தை எழுதுகிறார்கள் என்று. வார்டுக் கதவில் ஒரு சதுரக் கண்ணாடி உண்டு. அதன் வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். சத்தம் எதுவும் கேட்கவில்லை. அக்கா மார்பு மேல் பலகை மாதிரி ஒரு அட்டையை வைத்து எழுதினாள். நடுவில் நிறுத்தி மூச்சு வாங்கினாள், மறுபடி எழுதினாள். கையெழுத்துப் போட்டாள். வக்கீலம்மா போட்டாள். கடைசியில் வாயில்லாப்பூச்சி பேனாவை வாங்கினாள். ஒவ்வொரு எழுத்தாக, உதட்டைக் கடித்துக்கொண்டு, குனிந்து போட்டாள். நான் கண்ணாடியில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதேன். ஆயா வந்து, "இன்னும் ஒண்ணும் ஆகலியேம்மா, அதுக்குள்ள ஏன் அழறே?" என்றாள். எரிந்து விழுந்தேன்.

அக்கா பிழைத்துக்கொண்டாள். உயில் எழுதினால் ஆள் சீக்கிரம் போய்விடும் என்று சொன்ன சொந்தக்காரர்கள் எல்லாரையும் ஒருவர் விடாமல் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். "நல்லா பாத்துக்குங்க, நான்தான்" என்று சொல்லிவிட்டு வந்தாளாம். புது வால்வு, பழைய பிடிவாதம். கவுன்ட்டருக்குத் திரும்பப் போனாள், ரிட்டையர் ஆனாள், மின்விசிறியை அஞ்சில் வைத்தாள். வாயில்லாப்பூச்சியை மட்டும் எங்கள் வீட்டுப் பக்கம் வர அவன் விடவில்லை.

பல வருஷம் கழித்து ஒரு சாயங்காலம், அதே மின்விசிறிச் சண்டையில் அக்கா போனாள். நான் ஒன்றுக்குத் திருப்பிவிட்டு வந்து உட்கார்ந்தேன். அவள் எழுந்து வந்து அஞ்சுக்குத் திருப்பவில்லை. என்ன இவ்வளவு லேசில் விட்டுவிட்டாளே என்று திரும்பிப் பார்த்தேன். நாற்காலியில் சாய்ந்தபடியே போயிருந்தாள். என் முறைக்கு நான் பேசிவிட்டேன், அவள் பேச வேண்டிய பதில் பாக்கி நிற்கிறது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குத் தாங்க முடியவில்லை.

டைல்ஸ்காரன் துக்கம் விசாரிக்க வரவில்லை. கோர்ட்டிலிருந்து நோட்டீஸ்தான் வந்தது. அக்காவுக்குப் புத்தி தெளிவில்லை, தன் மனைவியை மிரட்டிக் கையெழுத்து வாங்கிவிட்டார்கள் என்று வழக்கு. டாக்டர் எழுதிய சார்ட்டை வக்கீலம்மா வரவழைத்தாள். முதல் பாதி அங்கேயே விழுந்தது. மிச்சம் இருந்தது அந்த ஒரு கையெழுத்து. அதைப் போட்டவளோ அவன் வீட்டில், அவன் சோற்றில், அவன் கண்காணிப்பில் இருக்கிறாள். இத்தனை வருஷம் அவளை என்ன பாடு படுத்தினானோ, யாருக்குத் தெரியும்? அவள் மாற்றிச் சொன்னால் நான் தெருவில்தான். அப்படிச் சொல்லியிருந்தாலும் அவளை நான் குறை சொல்லியிருக்க மாட்டேன். இல்லை, பொய் சொல்கிறேன். நிச்சயம் சொல்லியிருப்பேன்.

கூண்டில் ஏறினாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இது உங்க கையெழுத்தா?" என்று அவன் தரப்பு வக்கீல் பேப்பரை நீட்டினார்.

"ஆமாங்க."

"அந்தம்மா எழுதினத பாத்தீங்களா?"

"கையெழுத்து போட்டத பாத்தேன். போட்டுட்டு என்னையும் நிமிந்து பாத்தாங்க."

"உங்கள கட்டாயப்படுத்திதானே போட வெச்சாங்க? பயப்படாம சொல்லுங்க."

அவள் எதிரே உட்கார்ந்திருந்த புருஷனைப் பார்த்தாள். "கடை கடனுக்கு, நகை அடகுக்கு, எங்கம்மா வீட்டு நிலத்துக்கு, காட்டின எடத்துல எல்லாம் கையெழுத்து போட்டிருக்கேன். அதெல்லாம் கட்டாயத்துல போட்டதுங்க. இது ஒண்ணுதான் நானா போட்டது" என்றாள்.

கோர்ட்டில் அப்புறம் பேச என்ன இருக்கிறது? வீடு எனக்கு என்று தீர்ப்பானது. டைல்ஸ்காரன் என்னைத் தாண்டிப் போகும்போது தரையைப் பார்த்துக்கொண்டு போனான். தட்டிப் பார்க்கவில்லை.

அன்று சாயங்காலமே வாசலில் ஒரு பையோடு அவள் நின்றாள். உள்ளே வரலாமா என்று கேட்கத் தெரியாமல் நின்றாள். எனக்கு அக்காதான் நாக்கில் வந்தாள். "கையெழுத்து போட்டுட்டு உள்ள வா" என்றேன். சிரித்துக்கொண்டே அழுதாள், கழுதை.

"டீ குடிக்கிறியா?" என்று கேட்டேன்.

"குடிக்கிறேன். சக்கரை ரெண்டு ஸ்பூன்."

அப்பாவின் கைக்கடிகாரத்தை எடுத்து அவள் கையில் கட்டிவிட்டேன். அது என் சொத்து, நான் யாருக்கு வேண்டுமானாலும் கட்டுவேன். எனக்கு அவள் என்ன உறவு என்று தெருவில் கேட்கிறார்கள். ஓரகத்தியின் தம்பி பெண்டாட்டி. தமிழில் அத்தனை உறவுக்கும் பேர் இருக்கிறது, இதற்கு இல்லை. இல்லாவிட்டால் போகட்டும். வாயில்லாப்பூச்சி என்ற பேரைத்தான் இப்போது யாரும் சொல்ல முடியவில்லை. இந்த வீட்டில் எனக்குப் பேசவே இடம் கிடைப்பதில்லை.

போன வாரம் என் உயிலை எழுதினேன். வக்கீலம்மா வீட்டுக்கே வந்தாள். சோபாக் கடைக்காரரும் எதிர்வீட்டு டீச்சரும் சாட்சி. பழைய வாயில்லாப்பூச்சி சமையல்கட்டில் எல்லாருக்கும் டீ போட்டுக்கொண்டிருந்தாள். தட்டோடு வந்தபோது கையெழுத்தெல்லாம் முடிந்திருந்தது. அவள் முகம் சுருங்கிவிட்டது.

"என்னைக் கூப்பிடவே இல்லியே! கோர்ட்டு வரைக்கும் போய் ஜெயிச்ச கையெழுத்து. டீச்சரோடத விட மட்டமா போச்சா?"

"யார் கையெழுத்து வேணா விழலாம். உன்னோடது மட்டும் இதுல விழக் கூடாது" என்றேன்.

திட்டத்தான் வாயைத் திறந்தாள். அப்படியே நின்றுவிட்டாள். யார் சாட்சி போடலாம், யார் போடக் கூடாது என்பது இந்த ஊரில் அவளை விட நன்றாக யாருக்குத் தெரியும்? தட்டில் தம்ளர்கள் ஒன்றோடொன்று முட்டிச் சத்தம் போட்டன. வக்கீலம்மா எழுந்து தட்டை வாங்கிக்கொண்டாள்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நேராகப் போய் மின்விசிறியை அஞ்சில் வைத்தாள். நான் வெட்டி வைத்திருந்த துணியெல்லாம் வீடு முழுக்கப் பறந்தது. நான் எழுந்திருக்கவில்லை.